பதினோரு நிமிடம்

மைக் நின்றுபோன பிறகும் பட்டீஸ்வரன் பதினோரு நிமிடம் பேசிக்கொண்டிருந்தான். நடந்தது இவ்வளவுதான். போன மாதம், பம்புசெட் கம்பெனி ஒன்றின் குடும்ப விழா, எண்ணூறு பேர், பகல் சாப்பாட்டுக்கு முந்தின நிகழ்ச்சி. வயரில்லாத மைக். பாட்டரி தீர்ந்துவிட்டது. காதுள்ள எவனுக்கும் அடுத்த நொடியே தெரிந்திருக்கும், தட்டிப் பார்த்திருப்பான், அலோ அலோ என்றிருப்பான். இவன் பேசினான். மாமனாரைப் பற்றிப் பேசினான், மில்லைப் பற்றிப் பேசினான், இடுப்பை வளைத்து வீவிங் மாஸ்டர் மாதிரி நடந்து காட்டினான். கூட்டம் சிரித்தது. பின்வரிசை எழுந்து நின்று சிரித்தது. பொடிசுகள் நாற்காலிமேல் ஏறின. மைக்செட்காரன் தூரத்தில் நின்று இரண்டு கையையும் தலைக்குமேல் ஆட்டினான். அவனும் ரசிக்கிறான் என்று இவன் அவனைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டான். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. நாற்பது வருஷத்தில் இப்படி ஒரு கூட்டம் அமைந்ததில்லை என்று வீடு வரும் வழியில் கால் கிலோ மைசூர்பாகு வாங்கினான். வீட்டில் சாப்பிட ஆளில்லை என்பது பூட்டைத் திறக்கும்போதுதான் ஞாபகம் வந்தது. மறுநாள் காலை பால் வாங்கப் போன இடத்தில் ஒருவன் போனை முகத்துக்கு நேரே நீட்டினான். அதில் இவன். வாய் அசைகிறது, கை ஆடுகிறது, குரல் இல்லை. போனில் எதுவுமே இவனுக்குச் சரியாகக் கேட்பதில்லை என்பதால் முதலில் ஒன்றும் தோன்றவில்லை. கீழே எழுதியிருந்ததைப் படித்த பிறகுதான் விளங்கியது. மைக் செத்துருச்சு, மாமா சாகல. நல்ல வரிதான். அவனுக்குத் தோன்றியிருந்தால் மேடையில் போட்டிருப்பான். குறை சொல்ல முடியாத வரி என்பதுதான் எரிச்சல்.

இப்போது மணி பதினொன்று பத்து. சிங்காநல்லூரில் ஒரு கல்யாண மண்டபம், மணமகன் அறை. நேற்று யாருக்கோ முகூர்த்தம் நடந்திருக்கிறது. கண்ணாடி ஓரத்தில் ஸ்டிக்கர் பொட்டு நாலைந்து, தரையில் ஜிகினா. பட்டீஸ்வரன் கோட்டு மாட்டிக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அறுபத்து மூன்று வயசு. நோட்டீஸில் பேர் டபுள் ஷிப்ட் பட்டீஸ். வெளியே ஹாலில் மில் ஆட்கள். மில் மூடிப் பதினெட்டு வருஷம், இடித்து அடுக்குமாடி எழுப்பி அதில் ஆட்கள் குடிவந்து லிப்டும் ரிப்பேராகிவிட்டது, இவர்கள் மட்டும் வருஷத்துக்கு ஒருமுறை கூடி சுகர் எவ்வளவு, முட்டி எப்படி என்று விசாரித்துக்கொள்கிறார்கள். முதலில் கடவுள் வாழ்த்து. பிறகு அந்த வருஷம் செத்தவர்கள் பட்டியல். பிறகு ஒரு நிமிட மௌனம். அதன் பிறகு இவன். எந்த மடையன் இப்படி வரிசை போட்டான் என்று கேட்க வேண்டியதில்லை, ஒண்டியப்பன்தான். சங்கத்தில் செயலாளராக இருந்த காலத்திலும் ஸ்ட்ரைக் அறிவித்துவிட்டுத்தான் கோரிக்கை எழுதுவான். பட்டியலில் இந்த வருஷம் கமலவேணி பேர் இருக்கிறது. இவன் பெண்டாட்டி. ஒன்பது மாசம். இந்நேரம் வாசித்துக்கொண்டிருப்பார்கள். வாசித்துவிட்டார்களா, இனிமேல்தானா, தெரியவில்லை. கதவு இடுக்கில் எட்டிப் பார்த்தான். எல்லோரும் எழுந்து தலை குனிந்து நின்றார்கள். மௌனம் நடக்கிறது போல. அவர்கள் கடிகாரம் பார்த்துக் கஷ்டப்பட்டு உண்டாக்குகிற அந்த ஒரு நிமிடத்தில்தான் அவன் ஒன்பது மாசமாகக் குடியிருக்கிறான். அப்போதுதான் முதல் வரிசையில் மூன்றாவது நாற்காலியைப் பார்த்தான். கதவை விட்டு விலகி வந்து உட்கார்ந்தான். வந்திருக்கிறாள். குழாயக்கா வந்திருக்கிறாள். இத்தனை வருஷம் எந்தக் கூட்டத்துக்கும் வராதவள். வீடியோ அவள் போனுக்கும் போயிருக்கும். இவன் விழுவதைப் பார்க்க வந்திருக்கிறாள். வரட்டும். நியாயம்தான்.

லூம் ஷெட்டில் யாரும் பேசமாட்டார்கள், ஆனால் எல்லோரும் பேசுவார்கள். இருநூறு தறி. நூலோடு குறுக்கே ஓடுகிற நாடா இந்தப் பக்கம் அடித்து அந்தப் பக்கம் அடித்து வருகிற சத்தத்தில் காதோடு காதாகக் கத்தினாலும் கேட்காது. அதனால் வாயைப் பெரிதாகத் திறந்து ஒவ்வொரு எழுத்தாக உதட்டில் செய்து காட்ட வேண்டும், மீதியைக் கையால் சொல்ல வேண்டும். மூக்கைத் தொட்டால் மேஸ்திரி வருகிறார். ஆள்காட்டி விரலை நாடா மாதிரி இப்படியும் அப்படியும் ஆட்டினால் தறி ஓடுகிறது, கவலைப்படாதே. கையை மூடிக் காட்டினால் நின்றுவிட்டது. உள்ளங்கையைக் கீழே அமுக்கினால் நில்லு. விரலைச் சுண்டினால் போ. வந்து மூணு மாசத்தில் யாருக்கும் பழகிவிடும். பட்டீஸ்வரனுக்கு மூணு நாளில் பழகியது. பத்தொன்பது வயசில் வந்து சேர்ந்தவன், ஒரு வாரத்தில் தறிக்கு நடுவே நின்று, நூல் அறுந்தால் மேஸ்திரி முகம் எப்படிப் போகும் என்று செய்து காட்டினான். நாலு வரிசைக்கு அந்தப் பக்கம் வரை தோள்கள் குலுங்கின. பல் தெரிந்தது. சத்தம் இல்லை. அவனுக்குச் சிரிப்பு என்றால் அதுதான்: தோள், பல், முந்தானை வாய்க்குப் போவது. தார் சுற்றுகிற பக்கத்தில் பெண்கள். ஊடை நூல் சுற்றிய குச்சிகளைக் கூடையில் போட்டு அவர்கள்தான் தறிக்குத் தறி கொண்டுவந்து தருவார்கள். அங்கே கமலவேணி இருந்தாள். அவளுக்குப் பக்கத்து மிஷினில், இப்போது மூன்றாவது நாற்காலியில் இருக்கிற அந்த இன்னொருத்தி, இவனைவிடப் பத்து வயசு மூத்தவள். ஷெட்டிலேயே பெரிய வாய் அவளுக்கு. அழகான வாய் என்றுதான் சொல்ல வேண்டும், இப்போது நினைத்தால். அவள் உதட்டில் எழுத்து அச்சடித்த மாதிரி விழும். ஷெட்டின் அந்தக் கோடியில் நின்று அவள் சொல்வது இந்தக் கோடியில் படிக்கலாம். கமலவேணியிடம் தனக்கு விருப்பம் என்று இவன் சொன்னதே அவள் வாய் வழியாகத்தான். முப்பது தறி தாண்டி அவள் கேட்டாள்: நெசமாத்தான் சொல்றயா, இல்ல வெளையாட்டா. நெசமாத்தானுங்க்கா, என்றான் இவன். அவள் திரும்பிக் கமலவேணியிடம் சொன்னாள். கமலவேணி தாரை எடுத்து இவன் மேல் வீசுகிற மாதிரி ஓங்கிவிட்டுக் கூடையில் போட்டாள். முடிந்தது கல்யாணம்.

ஆயுத பூஜை அன்றைக்கு ஒருநாள் தறி நிற்கும். பொரி, சந்தனம், மாவிலைத் தோரணம். மாஸ்டர், மானேஜர் எல்லோரும் ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். யாரோ பிடித்துத் தள்ளிவிட, இவன் பேல் கட்டுகிற பலகைமேல் ஏறி, வருஷமெல்லாம் வாயால் மட்டும் காட்டியதை முதல் தடவையாகக் குரலோடு சொன்னான். சிரித்தார்கள். அந்தச் சத்தம் கூரைத் தகரத்தில் மோதித் திரும்பி வந்து நெஞ்சில் விழுந்தது. இவன் திகைத்துப் போனான். சிரிப்புக்கு இவ்வளவு சத்தம் உண்டா. ரெண்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்தச் சத்தத்துக்காகத்தான் அதற்கப்புறம் எல்லாம். கோயில் நோன்பி, பேட்டை ரசிகர் மன்றம், சைக்கிள் ஸ்டாண்டு திறப்பு விழா, போத்தனூரில் மழையில் நனைந்துகொண்டு பதினாலு பேருக்கு. முதல் ஷிப்டு முடித்து எண்ணெய் வாடையோடு மேடையேறுவான். ஆட்களைப் பார்த்தால் போதும், முகத்தில் வந்துவிடும். மாஸ்டர் வந்தார், செவிட்டு மாமனார் வந்தார், கடைசியில் அந்தப் பெரிய வாய்க்காரி வந்தாள். அன்றைக்கு யோசிக்கக்கூட இல்லை, வாய் தானாகப் போனது. எங்க மில்லுல ஒரு அக்கா இருக்குதுங். கோயில் நோன்பிக்குக் கட்டற ரேடியோ குழாய்னு வெச்சுக்கோங்களே. குழாயக்கா கொட்டாவி விட்டுதுன்னா ஷிப்டு முடிஞ்சுதுன்னு சொல்லுதாக்கும்னு பாதிப் பேரு ஊட்டுக்குப் போயிருவாங். ஒருநா பல்வலின்னு வாயக் கட்டிக்கிட்டு வந்துது, அன்னிக்குப் புரடக்சன் டபுளு. அவள் மாதிரி வாயைப் பிளந்து, உதட்டைக் கோணி, சத்தமில்லாமல் ஒரு பாட்டம் காட்டுவான். அந்த ஐட்டம் போட்டால் போதும், கூரை பிய்த்துக்கொண்டு போகும். பிறகு அதில்லாமல் எந்த நிகழ்ச்சியையும் முடித்ததே இல்லை. தொண்ணூற்றொன்றில் கேசட் போட்டார்கள். உக்கடம் பஸ் ஸ்டாண்டில் டீக்கடைக்கு டீக்கடை குழாயக்கா. அவள் மகளுக்கு அப்போதுதான் வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஒறம்பரையாக வந்து உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டே, எந்த மில்லுங்க அம்மா என்று கேட்டிருக்கிறார்கள். சொல்லியிருக்கிறாள். அட, குழாயக்கா அங்கதானுங்களே, தெரியுமுங்களா, என்று ஒருவன் கேட்டிருக்கிறான். பிறகு அவள் வாயையே பார்த்திருக்கிறான். பிறகு எல்லோரும். சிரித்துக்கொண்டேதான் எழுந்து போனார்களாம். திரும்பி வரவில்லை.

அவள் இவனிடம் சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் அதையும் ஒரு ஐட்டமாக்கியிருப்பான், அவளுக்கு அது தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வந்து கமலவேணியிடம் பேசிவிட்டுப் போனாள். இவன் உள் அறையில் படுத்திருந்தான். சாயங்காலம் கமலவேணி சொன்னாள், அந்த அக்காவ இனிமே எடுக்காதீங்க. இவன் சிரித்தான். அடி, நான் யாரு பேரைச் சொன்னேன், ஊர்ல வாய் பெருசா இருக்கறவிய அவிய ஒருத்தி மட்டுமா. மறு வாரம் வரதராஜபுரத்தில் நிகழ்ச்சி, குழாயக்கா போட்டான், கமலவேணி முதல் வரிசையில் இருந்தாள், முந்தானை வாய்க்குப் போகவில்லை. அதைப் பார்த்தான். பார்க்காத மாதிரி போய்விட்டான். இதுதான் மூணு வாரமாக வந்து மாட்டிக்கொள்கிறது, நூல் முடிச்சு மாதிரி, எதை யோசித்தாலும் இங்கே வந்து நிற்கிறது. ஏனென்றால் கமலவேணி எல்லா நிகழ்ச்சிக்கும் வருவாள். எங்கே போனாலும் முதல் வரிசை. மேடை விளக்கு கண்ணில் அடித்தால் கூட்டம் தெரியாது, கறுப்புத்தான், முதல் வரிசை மட்டும்தான் முகமாகத் தெரியும். அவளைப் பார்த்துத்தான் பேசுவான். ஜோக் விழுந்ததும் அவள் முந்தானை வாய்க்குப் போகும். சிரிப்பு அடங்கியதும் கீழே இறங்கும். இறங்கினதும் அடுத்த வரி. நாற்பது வருஷம் கேட்ட ஜோக்குக்கு எவளாவது முந்தானையை வாயில் வைத்துச் சிரிப்பாளா. மக்கு. இவனுக்கு அது உறைக்கவே இல்லை. பெண்டாட்டிக்குத் தன் ஜோக் பிடிக்கிறது என்றுதான் கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தான். அவள் சிரிக்கவில்லை, சிக்னல் போட்டுக்கொண்டிருந்தாள். எப்போது தொடங்கியது. எந்த வருஷத்திலிருந்து. கேட்க ஆளில்லை. அவள் போன பிறகு நாலு நிகழ்ச்சி செய்தான். மூன்றில் சிரிப்பு முடியும் முன்னே அடுத்த வரியில் கால் வைத்து மிதித்தான், இல்லாவிட்டால் வராத சிரிப்புக்கு வாயைத் திறந்துகொண்டு காத்து நின்றான். நாலாவது அந்தப் பதினோரு நிமிடம்.

காது எப்போது போனதென்று சொல்ல முடியாது, ஏனென்றால் வீட்டில் அது தேவைப்படவே இல்லை. இரண்டு பேரும் ஷெட் ஆட்கள். சாப்பிட வாங்க என்பதைக்கூட அவள் வாயால்தான் காட்டுவாள், பக்கத்து வீட்டுக்காரி பார்த்தால் ஊமைக் குடும்பம் என்றுதான் நினைப்பாள். காய்ச்சல் காலத்தில் ரெண்டு வருஷம் ஊரே துணியால் வாயை மூடிக்கொண்டு திரிந்தபோது இவனுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ரேஷன் கடைக்காரன் மூணு தடவை சொல்லியும் விளங்கவில்லை. இந்தத் துணி வழியா எவனுக்குக் கேக்கும் என்று திட்டிவிட்டு வந்தான். அவள் செத்து, வந்தவர்கள் எல்லாம் போய், பதினேழாம் நாள் குழாயைத் திறந்து பக்கெட் வைத்தான். தண்ணீர் விழுவது தெரிந்தது. சத்தம் இல்லை. மூடினான், திறந்தான். அப்போதுதான் பயம் வந்தது. டாக்டரிடம் போனான். சின்னப் பையன் மாதிரி டாக்டர், நல்ல வேளை மழுமழுவென்று ஷேவ் செய்திருந்தார், உதடு தெரிந்தது. மில்லுல எத்தனை வருஷங்க? இருபத்தாறு. பஞ்சு வெச்சுக்கலையா? பஞ்சு மில்லுதானுங், பஞ்சுக்கா பஞ்சம், காதுல வெச்சா மேஸ்திரி வர்றது தெரியாதுங்களே, என்றான். டாக்டர் சிரித்தார். சிரித்துவிட்டு மிஷின் வைத்துக்கொள்ளச் சொன்னார். வாங்கினான். பெட்டியில் கிடக்கிறது. மாட்டிக்கொண்டால் மின்விசிறி காதுக்குள் ஓடுகிறது, ஸ்பூன் விழுந்தால் சுவரே விழுந்த மாதிரி, மைக் பக்கம் போனால் ஊளை. அது மட்டும் காரணமில்லை, அவனுக்கே தெரியும். செவிட்டு மாமனார் என்று முப்பது வருஷம் ஊர் ஊராகப் போட்டவன் எந்த மூஞ்சியோடு காதில் மிஷினை மாட்டிக்கொண்டு நிற்பது. அவன் எடுத்துச் சிரித்த ஆட்கள் எல்லோரும் வரிசையாக வந்து அவன் உடம்பில் ஒவ்வொரு இடமாகப் பிடித்துக்கொள்கிறார்கள். மாஸ்டர் மாதிரி முதுகு வளைந்துவிட்டது. மாமனார் காதில் வந்து உட்கார்ந்துவிட்டார். அந்த வீடியோவில், சத்தமில்லாமல் வாயைப் பிளந்து உதட்டைக் கோணிக்கொண்டு நின்றது யார்.

கதவு திறந்தது. ஒண்டியப்பன் தலையை நீட்டினான். உதட்டை மூடிக்கொண்டு தொங்குகிற நரைத்த மீசை. இந்த மாதிரி மீசைக்காரர்களெல்லாம் இப்போது பட்டீஸ்வரனுக்கு ஊமைகள். மீசை ஆடியது. பட்டீஸ்வரன் தலையாட்டினான். மீசை மறுபடி ஆடியது, இந்தத் தடவை கேள்வி போல இருந்தது, புருவம் மேலே போனது.

"செரியப்பா, செரி," என்றான் பட்டீஸ்வரன் பொதுவாக.

ஒண்டியப்பன் உள்ளே வந்து காதுப்பக்கம் குனிந்து கத்தினான். அப்படிக் கத்தினால் கொஞ்சம் கிடைக்கும். "டீ குடிச்சயான்னு கேட்டா செரிங்கறே. வயர் மைக்குத்தான் வெச்சிருக்குது. நானே தட்டிப் பாத்துட்டேன். பாட்டரி சமாச்சாரமே கெடயாது."

"நான் ஒண்ணும் கேக்கலையே."

"நீ கேக்கலீன்னா எனக்குத் தெரியாதா. அந்தப் படத்த நாங்களும்தான் பாத்தோம்." ஒண்டியப்பன் தோளில் கை வைத்தான், உடனே எடுத்துக்கொண்டான். "கடசீல குழாயக்கா போட்டுரு. வந்ததுலேருந்து எல்லாரும் அதத்தான் கேட்டுக்கிட்டு இருக்கறாங்."

"அவிய முன்னாடி உக்காந்திருக்காங்களேப்பா."

"அதுக்கென்ன, முப்பது வருசத்துக்கு முந்தின கதை. அவிய என்ன பச்சப் புள்ளையா."

பட்டீஸ்வரன் எழுந்தான். கோட்டின் கீழ்ப் பித்தானைப் போட்டான், கழற்றினான். ஒரு கணக்கு மனசில் இருந்தது, வீட்டைவிட்டுக் கிளம்பும்போதே போட்டது. இது சொந்த ஆட்கள். இங்கேயும் நிற்க முடியாவிட்டால் இனி எங்கேயும் ஏறுவதில்லை. கோட்டை மடித்து அலமாரியில் போட்டுவிட்டு, அந்தத் தண்ணீர் விழுவதைப் பார்த்துக்கொண்டு மிச்ச காலத்தை இருந்துவிடுவது. பயம் தொண்டையில் இல்லை, உள்ளங்காலில் இருந்தது. கமலவேணி சாவுக்குக் குழாயக்கா வந்திருந்தாள், அது இப்போது ஏன் ஞாபகம் வருகிறது. வாசலில், சங்கு ஊதுகிறவனுக்குப் பின்னால் நின்றாள். கூட்டத்துக்கு மேலாக இவனைப் பார்த்து, ஷெட்டில் சொல்கிற மாதிரி, வாயைத் திறந்து என்னவோ சொன்னாள். இவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். திட்டுகிறாள், இன்றைக்குமா என்று நினைத்தான். என்ன சொன்னாள். ஒரே ஒரு தடவை பார்த்திருந்தால் படித்திருக்கலாம். படிக்கவில்லை. ஒன்பது மாசமாக அந்த வாய் பாதி திறந்தபடி அப்படியே நிற்கிறது.

ஆறு படி. மேலே ஏறியதும் விளக்கு முகத்தில் அடித்தது. கல்யாண வீடியோ எடுக்கிற விளக்கு, எவனோ இரண்டைப் போட்டுவிட்டிருக்கிறான். ஹால் கறுத்துவிட்டது. முதல் வரிசை மட்டும். முட்டி, செருப்பு, ஒரு ஊன்றுகோல், மூன்றாவது நாற்காலி. கைத்தட்டல் வந்திருக்கும். கால் வழியாக ஏதும் ஏறவில்லை. ஸ்பீக்கர் பெட்டிகளை மேடையில் வைக்காமல் தூணில் உயரக் கட்டியிருக்கிறார்கள். பேசினால் நெஞ்சில் வந்து முட்டாது. வணக்கம் என்றான். எப்பவும் போல முதல் வரியைச் சொன்னான். மௌனம் முடிஞ்சு அடுத்தது என்னன்னு பாத்தேனுங், என்னயப் போட்டிருக்கறாங், ஒண்டியப்பனுக்கு என்ன அவசரமோ, அடுத்த வருசப் பட்டியலுக்கு இப்பவே ஆள் புடிக்கறாரு. நின்றான். கறுப்பு. முதல் வரிசையில் ஊன்றுகோல்காரர் முகத்தைத் துண்டால் துடைத்தார். சிரிக்கிறாரா, வியர்வையா. இந்தப் பக்கம் மீசை ஆடியது. மைக் ஓடுகிறதா. வயர் மைக்தான். வயரும் பிடுங்கிக்கொள்ளும். எத்தனை நொடி. நாலு. ஆறு. மேடையில் ஆறு நொடி என்பது எவ்வளவு என்று மேடையில் நின்றவனுக்குத்தான் தெரியும். திரும்பி இறங்கிவிடலாம். ஆறு படிதான். வலது காலை எடுத்துவிட்டான். அப்போது மூன்றாவது நாற்காலியில் ஒரு ஆள்காட்டி விரல் எழுந்தது. இப்படியும் அப்படியும் ஆடியது. நாடா. தறி ஓடுது.

அவன் காலை வைத்துவிட்டான். பார்த்தான். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை, அன்பு இல்லை, ஷிப்டில் வேலை செய்கிற முகம். வாய் திறந்தது. பல் பாதி போயிருந்தது, எழுத்து மட்டும் அப்படியே விழுந்தது. மைக் இருக்குது. சிரிக்கறாங். சித்த நில்லு. உள்ளங்கை கீழே அமுங்கியது. நின்றான். விரல் சுண்டியது. போனான். மாஸ்டரை எடுத்தான், கை அமுங்கியது, நின்றான், சுண்டியது, போனான். தண்ணீரில் விட்ட பழைய தவளை மாதிரி உடம்புக்கு எல்லாம் தானாக வந்தது. ஒரு இடத்தில் அவள் கையை மூடிக் காட்டினாள்: இது போகல. தள்ளிவிட்டு அடுத்ததுக்குத் தாவினான். ஊன்றுகோல்காரர் துண்டை வாயில் அடைத்துக்கொண்டிருந்தார், அது சிரிப்புத்தான். பத்து நிமிடமோ பதினைந்தோ. ஒரு நீளமான சிரிப்பு போல, கை அமுங்கியே இருந்தது, அந்த இடைவெளியில் அவள் வாய் வேறெதையோ சொன்னது. உனக்குக் காது இல்ல, முன்னால உக்காந்து கை காட்டுன்னு கமலவேணி சொல்லிட்டுத்தான் போனா. எழவு அன்னிக்கே வந்து சொன்னேன். நீ மூஞ்சியத் திருப்பிக்கிட்டே. அவனுக்குக் கண் எரிந்தது, விளக்குதான், பெரிய விளக்கு. நீங்க சிரிக்கவே இல்லீங்களேக்கா, என்று மைக்கைத் தள்ளிப் பிடித்து உதட்டால் கேட்டான். நான் சிரிக்கமாட்டேன், என்றாள் அவள். அவங்க சிரிக்கறாங். உன் சோலியப் பாரு.

பிறகு அவள் முகம் கொஞ்சம் மாறியது. பின்னாலிருந்து எதையோ கேட்கிற மாதிரி தலையைச் சாய்த்தாள். திரும்பினாள். உதட்டை ஒருதரம் மூடினாள், திறந்தாள். ஒரு எழுத்துக்கூட விழுங்காமல், மற்றதைச் சொன்ன அதே மாதிரி, அப்படியே சொன்னாள். குழாயக்கா கேக்கறாங். எல்லாரும் கேக்கறாங். விரலைச் சுண்டவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு அவனையே பார்த்தாள். பட்டீஸ்வரனுக்கு வாய் தானாகக் கோணத் தொடங்கியது, நாற்பது வருஷப் பழக்கம், உதடு அந்தப் பக்கம் இழுத்தது. கையால் வாயைத் துடைத்து நேராக்கினான். அந்தப் படத்த எல்லாரும் பாத்திருப்பீங், என்றான். எனக்குக் காது கேக்கறதில்லீங். சுத்தமா. இப்ப நீங்க சிரிக்கறீங்களா, எந்திரிச்சுப் போறீங்களா, அதுகூடத் தெரியாதுங். அவன் பார்வை மூன்றாவது நாற்காலியில் இருந்தது. அவள் கை அமுங்கவும் இல்லை, மூடவும் இல்லை. ஹால் பேச்சில்லாமல் இருக்கிறது போல. ஊட்டுக்காரி இருந்தவரைக்கும் அவ காதுல பொழச்சேன். இன்னிக்கு முதல் ஜோக்குலயே எறங்கிப் போயிருப்பேன். தறி ஓடுதுன்னு ஒருத்தர் கை காட்டுனதுனால நிக்கறேன். குழாயக்கா குழாயக்கான்னு ஊரெல்லாம் அவிய வாய வித்துச் சாப்பிட்டேன், அதே வாயிலதான் இன்னிக்கு எனக்குக் காது. அந்தப் பேரு நான் வெச்சதுங். அது அவிய பேரு இல்லீங். கேசட்டுல இல்ல, நோட்டீஸுல இல்ல, ஒருநாளும் நான் சொன்னதில்ல. மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்தான். அவளுக்குப் படிக்க வசதியாக, ஷெட்டில் சொல்கிற மாதிரி, வாயை அகலத் திறந்து ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னான். நாச்சாத்தாள்.